தொட்டியில் எண் இருக்கிறதா?

தாமான் வீடுகளில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருந்தால் முதல் காரணம் கார் நிறுத்தும் இடம். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இரண்டாவது காரணம் என்ன தெரியுமா? எங்கள் காலை நிகழ்ச்சியின் நேயர்கள்தான் சொன்னார்கள். தோங் சம்பா. சக்கரம் வைத்த பச்சை நிறக் குப்பைத் தொட்டி.

"அக்கம்பக்கத்தாரோடு கடைசியாக எதற்கு மனஸ்தாபம்?" என்று கேட்டு அன்று தொலைபேசி வரியைத் திறந்து வைத்திருந்தோம். கார், கார், மாமரக் கிளை, மறுபடியும் கார். நடுவே சிரம்பானிலிருந்து ஓர் அம்மா வந்தார். குரலில் ஒரு தயக்கம். ஒரு நாள் குப்பை லோரி வந்து போன பிறகு அவருடைய தொட்டி வாசலில் இல்லையாம். அதே நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வாசலில் இரண்டு தொட்டிகள். "வேற என்னம்மா நினைக்கிறது?" என்றார். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். தீபாவளி வந்தது, முறுக்கும் நெய் உருண்டையும் வழக்கம்போல் அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் போயின. அந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

பிறகு ஒரு நாள் மூலை வீட்டைக் கடக்கும்போது அங்கிருந்த தொட்டியின் மூடியில் ஒரு வெள்ளைச் சாயச் சொட்டைப் பார்த்திருக்கிறார். தீபாவளிக்கு முன் அவர் மகன் கேட்டுக்குச் சாயம் அடித்தபோது சிந்திய சொட்டு. காற்றில் உருண்டு போன தொட்டியை மூலை வீட்டுப் பையன் தங்களுடையது என்று உள்ளே தள்ளிவிட்டான், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு இரண்டாவது தொட்டி, அவர்கள் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்தது. "இப்ப அந்தப் பிள்ளைங்ககிட்ட போய் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். நேரலையில் அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. பாட்டுப் போட்டோம்.

ஒரு சாயச் சொட்டு செய்த வேலையை முதலிலேயே ஓர் எண் செய்திருக்கும். அந்த எண்ணைப் பற்றித்தான் இந்த வாரம்.

பொருளுக்கு அடையாளம் போடுவது நமக்குப் புதிதில்லை. உங்கள் அம்மாவின் சமையலறையில் எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயரோ முதலெழுத்தோ வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் வாங்கும்போதே வெட்டி வாங்குவார்கள். கல்யாண வீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் போகும் பாத்திரம் திரும்பி வர வேண்டுமே. எங்கள் வீட்டில் இன்னும் ஒரு தூக்குச்சட்டி இருக்கிறது. அதில் உள்ள பெயர் எங்கள் குடும்பத்தில் யாருடையதும் இல்லை. யாருடையது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், திருப்பிக் கொடுக்கவும் மனம் இல்லை. அது வேறு கதை. நான் சொல்ல வருவது, பாத்திரமாவது எப்போதோ ஒருமுறைதான் வீட்டை விட்டு வெளியே போகிறது. தோங் சம்பா வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தெருவில் போய் நிற்கிறது. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே அச்சு. அதற்கு மட்டும் நாம் பெயர் வெட்டுவதில்லை.

இந்தத் தொட்டிகள் எப்படி இவ்வளவு ஒரே மாதிரி ஆயின என்பதற்கும் காரணம் உண்டு. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை, அதாவது சட்டம் 672-ஐ, ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் குப்பை அள்ளும் பொறுப்பு குத்தகை நிறுவனங்களிடம் போனது. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், இவற்றோடு கோலாலம்பூரும் புத்ராஜெயாவும். அங்கே தரை வீடுகளுக்கு 120 லிட்டர் தொட்டியை நிறுவனமே கொடுத்தது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மாநிலங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அங்கே ஊராட்சி மன்றங்களின் ஏற்பாடு. எந்த ஏற்பாடாக இருந்தாலும் தாமானில் நிற்கும் தொட்டிகளுக்குள் முகச்சாயல் மட்டும் மாறுவதில்லை.

நிறுவனமோ மன்றமோ கொடுத்த தொட்டியாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். நாம் பயன்படுத்துகிறோம், ஆனால் அது நம் சொத்து அல்ல. ஆகவே துளை போடுவது, சூட்டுக்கோலால் எண்ணைச் சுட்டு எழுதுவது எல்லாம் வேண்டாம். வரிசை எண்ணோ பட்டைக் குறியீடோ அச்சாகியிருந்தால் அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள். கைப்பேசியில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் "பச்சைத் தொட்டி, சக்கரம் இரண்டு" என்று அடையாளம் சொல்வதைவிட அது மேல்.

இனி எழுதும் வேலை. பலரும் முதலில் எடுப்பது கறுப்பு மார்க்கர் பேனா. சிலர் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தைத் தூரிகையால் தொட்டு எழுதுவார்கள். மார்க்கர் நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் வெளுத்து, பழுப்பாகி, பிறகு காணாமலே போய்விடும். சாயம் அதற்குக்கூட நிற்காது. காய்ந்ததும் நகத்தால் கீறினால் தோல் தோலாக உரியும். எங்கள் லோரோங்கில் ஓர் அங்கிள் இருக்கிறார். முப்பது வருடம் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதியவர். ஏன் இப்படி என்று அவரிடம் கேட்டேன். "ஏம்மா, மெழுகு மேல கோலம் போட்டா நிக்குமா?" என்றார்.

அவர் உவமையாகச் சொன்னது வேதியியலாகவும் சரிதான். தொட்டியின் அடியில் எங்காவது முக்கோண அம்புக்குறிக்குள் 2 என்று இருந்தால் அது எச்.டி.பி.இ., அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். மெழுகுவர்த்தியில் இருக்கும் பாராஃபின் மெழுகுக்கு நெருங்கிய சொந்தம் இது. இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிதான். ஒன்று குட்டை, மற்றொன்று மிக நீளம். அந்தக் குணம் மேற்பரப்பிலும் உண்டு. தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். தண்ணீரே பிடிக்காத இடத்தில் சாயமும் பசையும் எப்படிப் பிடிக்கும்? குப்பையின் ஈரம் எளிதில் ஒட்டாமல் இருப்பதும் இந்தக் குணத்தால்தான். அதே குணம் நம் எண்ணையும் தள்ளிவிடுகிறது.

ஆகவே மலிவு என்பது பொருளில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது. நல்ல ஸ்டிக்கரை அழுக்குத் தொட்டியில் ஒட்டினால் இரண்டு மழைக்கு வராது. சாதாரண ஸ்டிக்கரைச் சுத்தமான தொட்டியில் ஒட்டினால் அடுத்த தீபாவளியையும் பார்த்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி கார் எண் தட்டு செய்யும் கடை. ஒவ்வொரு ஊரிலும் ஒன்றாவது இருக்கும். வாகனத் தட்டுக்கான எழுத்துகளோடு, ஒட்டும் வினைல் தாளை இயந்திரத்தில் வெட்டியும் தருவார்கள். வெயிலுக்கும் மழைக்கும் என்றே செய்த தாள் அது. வீட்டு எண்ணைச் சொல்லி, மூன்று அங்குல உயரத்தில் வெள்ளையிலோ மஞ்சளிலோ வெட்டித் தரச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு நாசி லெமாக், ஒரு தே தாரே விலைக்குள் முடிந்தது. பல வீட்டுக்குச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குறையும். கரும்பச்சையின் மேல் சிவப்பு மட்டும் வேண்டாம். கையில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பச்சையில் சிவப்பு அறவே கண்ணில் படாமலும் போகலாம்.

ஒட்டும் நாளைக் குப்பை எடுத்த மறுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியாக இருக்கும், அவசரமும் இருக்காது. பாத்திரம் கழுவும் சோப்பால் ஒட்ட வேண்டிய இடத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்கஹால் பஞ்சால் இரண்டு முறை துடையுங்கள். கோவிட் காலத்தில் வாங்கி மிஞ்சிய கைச் சுத்திகரிப்புக் களி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அது இதற்கு ஆகாது. கைத்தோல் வறளாமல் இருக்க அதில் கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள், அது ஒரு படலமாகத் தங்கிவிடும். துடைத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கவும் கூடாது. விரலிலும் எண்ணெய் உண்டு.

இலக்கத்தை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக ஒட்டி, பழைய டச் அண்ட் கோ அட்டையால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளித் தேய்த்தால் காற்றுக் குமிழ் வராது. முடி உலர்த்தும் கருவி இருந்தால் சூடு காட்டிக்கொண்டே அழுத்துங்கள். பசை கொஞ்சம் இளகி, தொட்டியின் மேலுள்ள நுண்ணிய சொரசொரப்புக்குள் இறங்கும். கட்டமான ஸ்டிக்கர் என்றால் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள். உரிவது எப்போதும் கூர் மூலையில்தான் ஆரம்பிக்கும். ஒட்டிய பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படாமல் போர்ட்டிக்கோவிலேயே நிற்கட்டும். இந்த வகைப் பசை முழுப் பிடிப்புக்கு வர ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். நம் ஊர் மாலை மழை அதற்கெல்லாம் காத்திருக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. போகும்போது அதே சூட்டைக் காட்டினால் ஸ்டிக்கர் உரிந்து வந்துவிடும்.

தெருவே சேர்ந்து செய்வதாக இருந்தால் தெளிப்புச் சாயம் இன்னும் மலிவு. பிளாஸ்டிக்குக்கான அடிப்பூச்சு ஒரு டப்பா, வெள்ளைச் சாயம் ஒரு டப்பா. ஒரு வரிசை வீட்டுக்குப் போதும். அச்சுக்குப் பழைய எக்ஸ்ரே படலம் நல்லது, இல்லாவிட்டால் தடித்த கோப்பு உறை. இலக்கங்களை அதில் வெட்டி எடுக்கும்போது 0, 6, 8, 9 ஆகியவற்றின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அதற்காகத்தான் பலசரக்குப் பெட்டிகளில் நாம் பார்க்கும் அச்சு எழுத்துகளில் குறுக்கே மெல்லிய பாலம் விட்டிருப்பார்கள். நீங்களும் விடுங்கள். இடத்தைக் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும்வரை தேய்த்து, மறுபடி துடைத்துவிட்டு, சுற்றிலும் பழைய நாளிதழை ஒட்டி மறைத்து (போன வாரத்து இதழ் என்றால் பரவாயில்லை, இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்), ஒரு முழ தூரத்திலிருந்து பனிபோல் இரண்டு மூன்று தடவை தெளியுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் அச்சுக்கு அடியில் ஒழுகி 3 என்பது 8 ஆகிவிடும். இவ்வளவு செய்தாலும் அது வினைல் அளவுக்கு நிற்காது என்பது என் கருத்து. மெழுகு மெழுகுதான். மங்கும்போது மறுபடி அடித்துக்கொள்ளத் தயார் என்றால் இது சரி.

இணையத்தில் சிலர் தீச்சுவாலையால் தொட்டியை லேசாகத் தடவினால் சாயம் பிடிக்கும் என்று செய்து காட்டுகிறார்கள். தொழிற்சாலைகளில் அப்படிச் செய்வது உண்மைதான். அங்கே அதற்கு இயந்திரமும் பயிற்சியும் இருக்கிறது. பக்கத்தில் ஆல்கஹால் பஞ்சும் தெளிப்பு டப்பாவும் வைத்துக்கொண்டு போர்ட்டிக்கோவில் அந்த வேலை வேண்டாம்.

எதுவுமே ஒட்ட விருப்பமில்லையா? பிளாஸ்டிக் அட்டை ஒன்றில் எண்ணை எழுதி, கைப்பிடியில் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். டை கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை டை வெயிலில் மொறுமொறுத்து ஒடிந்துவிடும். கறுப்பில் சேர்க்கும் கார்பன்தான் அதற்குக் குடை.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் மூடியில் ஒட்டத் தோன்றும். ஆனால் லோரி வந்து போன பிறகு மூடி பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது கழன்று வேறு தொட்டியில் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் விளிம்புக்குக் கீழேயும் வேண்டாம். லோரியில் தூக்கும் கருவி இருந்தால் அதன் பற்கள் பிடிப்பது அந்த முன் விளிம்பைத்தான். தொட்டியின் முன்பக்கம் லோரியோடு உரசிக்கொண்டுதான் மேலே போகும். ஒரு மாதத்தில் எண் பாதி தேய்ந்துவிடும். பக்கவாட்டுச் சுவர்தான் பாதுகாப்பு. இரண்டு பக்கமும் ஒட்டினால் தொட்டி எப்படிக் கவிழ்ந்து கிடந்தாலும், லொங்காங்கில் விழுந்திருந்தாலும், ஒரு எண்ணாவது மேலே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

என்ன எழுதுவது? வீட்டு எண் மட்டும் போதாது. தாமானில் ஒவ்வொரு சாலையிலும் ஒரு 12-ஆம் எண் வீடு இருக்கிறது. ஜாலான் மூன்றின் தொட்டி ஜாலான் ஐந்துக்குப் போய்விட்டால் அங்கேயும் ஒரு 12 அதை அன்போடு வரவேற்கும். எண் பெரிதாக, அதன் கீழே சாலையின் பெயர் சின்னதாக. கீழே ஒரு வரி எழுத்து இருந்தால் 6, 9 குழப்பமும் தீர்ந்தது. எது தலை, எது கால் என்று தெரிந்துவிடும். நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சங்கதியும் உண்டு. பல தாமான்களில் சீன நண்பர்களுக்கு ஆகாத 4-ஐ விட்டுவிட்டு 3ஏ என்றும், 14-ஐ 13ஏ என்றும் வைத்திருப்பார்கள். உங்கள் வீடு 13ஏ என்றால் அந்த 'ஏ' இலக்கத்தின் உயரத்துக்கே இருக்கட்டும். சின்னதாகப் போட்டால் பக்கத்தில் 13-ஆம் எண் வீட்டார் தயாராக நிற்கிறார்கள்.

பெயர் வேண்டாம். பாத்திரத்துக்குப் பெயர் வெட்டினோம் என்றால், அது சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போனது. தொட்டி நிற்பது நடுத்தெருவில். தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் தெருவில் எழுதி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சாமி படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மிஞ்சிய நாள்காட்டிப் பிள்ளையாரைத் தொட்டியில் ஒட்டிய ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். திருட்டுப் போகாதாம்.

எண்ணோடு சேர்த்து இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிவிடுங்கள். ஹார்ட்வேர் கடையில் சுருளாகக் கிடைக்கும். கரும்பச்சைத் தொட்டி இரவில் சாலை ஓரத்தில் நிற்பது மோட்டார்சைக்கிளில் வருபவர் கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் இரவே தொட்டியை வெளியே தள்ளிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. இரவு வேலை முடிந்து திரும்பும் பிள்ளைகளின் முன்விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பட்டைதான் பேசும்.

சட்டம் 672 நடப்பில் உள்ள இடங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் தோட்டக் கழிவும் பெரிய சாமான்களும். எந்த நாள் எது என்று அம்மா அப்பாவைக் கேட்க, அப்பா பிள்ளையைக் கேட்க, பிள்ளை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் லோரி போய்விடும். மூடியின் உட்புறத்தில் நாள்களை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினால், திறக்கும் ஒவ்வொருவருக்கும் அது கண்ணில் படும். அங்கே வெயிலும் இல்லை. மறுசுழற்சிக்குத் தனிக் கூடை வைத்திருப்பவர்கள் அதிலும் வீட்டு எண்ணைப் போடுங்கள். காலிக் கூடை தொட்டியைவிட வேகமாகக் கால் முளைத்துப் போகும்.

எங்கள் லோரோங்கில் போன மாதம் ஒரு ஞாயிறு காலை இந்த வேலையை வைத்துக்கொண்டோம். எண் தட்டுக் கடையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து வெட்டி வாங்கி வந்தாயிற்று. விளம்பரப் பலகை அங்கிள் அளவுகோலும் பென்சிலுமாக ஒவ்வொரு தொட்டிக்கும் கோடு போட்டுத்தான் ஒட்ட விட்டார். கண்ணளவில் ஒட்டிய ஒருவரை உரித்து மறுபடி ஒட்ட வைத்தார். எதிர்வீட்டு மலாய்த் தம்பதி கரிபாஃப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். 13ஏ வீட்டுச் சீன ஆன்ட்டி பெரிய 'ஏ'-வைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு இருக்கிறதா, கேட்டுக்கும் அஞ்சல் பெட்டிக்கும் வேண்டும் என்றார். கூரியர் பையன்கள் எப்போதும் அவர் பொட்டலத்தை 13-இல் போட்டுவிட்டுப் போகிறார்களாம்.

எல்லா வீட்டுக்கும் முடிந்தது, ஒன்றைத் தவிர. வீட்டுக்காரர் பினாங்கில் மகளைப் பார்க்கப் போயிருக்கிறார். அவருடைய இலக்கம் என் வீட்டு அலமாரியில் தாள் உரிக்காமல் இருக்கிறது. வெறும் ஒற்றை இலக்கம். அவர் வீடு 9. எடுத்து ஒட்டும்போது திருப்பிப் பிடிக்காதே என்று அங்கிள் அதன் முதுகில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறார்.